பகடை விழுந்த பிறகு ஆட்டம் யார் கையில்? போனில் ஆட நான்கு கார்டு, டைஸ் கேம்கள்: ஓர் ஒப்பீடு

வாள், மந்திரம், அரக்கன், கார்டு, டைஸ் எல்லாம் கலந்த ஒரு கேமைப் போனில் போட வேண்டும், எதைப் போடுவது? இப்படிக் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஸ்டோரில் ரிவ்யூக்களை எல்லாம் படித்துவிட்டு, முன்னைவிட அதிகமாகக் குழம்பித்தான் வருகிறார்கள். ஒரே கேமுக்கு ஒருவர் ‘எல்லாம் லக், நம் கையில் ஒன்றுமே இல்லை’ என்று ஒற்றை ஸ்டார் கொடுத்திருப்பார். அதற்குக் கீழேயே இன்னொருவர், இந்த அளவுக்கு யோசிக்க வைத்த கேம் வேறு இல்லை என்று ஐந்து ஸ்டார் கொடுத்திருப்பார். இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். பகடையிடம் ஒருவர் எதிர்பார்ப்பது ஒன்று, மற்றவர் எதிர்பார்ப்பது வேறு. அந்த எதிர்பார்ப்பைத் தெளிவாக்கிக்கொண்டால் எந்தக் கேம் என்பது பாதி முடிவாகிவிடும்.

இங்கே எடுத்துக்கொண்டவை நான்கு: ஸ்லைஸ் அண்ட் டைஸ், டைசி டஞ்சன்ஸ், ஸ்லே த ஸ்பையர், ஜென்ஷின் இம்பாக்டுக்குள் இருக்கும் ஜீனியஸ் இன்வொகேஷன். இவற்றில் மூன்றாவதில் பகடையே கிடையாது. ஆனாலும் இந்த வகைக் கேம் பற்றி யார் கேட்டாலும் ‘முதலில் அதை ஆடிப் பாருங்கள்’ என்று நாலு பேராவது சொல்வதால் அதை விட்டுவிட முடியாது.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் பார்க்க வேண்டியது, பகடை எப்போது உருள்கிறது என்பது. நம் தாயக்கட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தாயம் விழும்வரை காய் உள்ளே இறங்காது. அது முழுக்க அதிர்ஷ்டம். காய்கள் இறங்கிய பிறகோ, விழுந்த எண்ணை எந்தக் காய்க்கு வைப்பது, எதிராளியை வெட்டுவதா, மலையில் போய்ப் பத்திரமாக உட்காருவதா என்பதெல்லாம் ஆடுகிறவர் சாமர்த்தியம். முதலில் எண் விழுகிறது, பிறகு நாம் யோசிக்கிறோம். இதற்கு நேர்மாறான வரிசையும் உண்டு. நாம் முதலில் முடிவெடுத்து ‘அடி’ என்று பட்டனை அழுத்துவோம். அதன் பிறகுதான் அடி பட்டதா, தவறியதா என்று பகடை தீர்ப்பு சொல்லும். கேமில் தோற்றுப் போனைத் தூக்கிப் போடலாம் போல இருக்கும் கோபம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான் வருகிறது. நன்றாக யோசித்துச் செய்ததற்குத் தண்டனை கிடைத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

அதிர்ஷ்டம் கேமுக்குள் இருக்கிறதா, கடைக்குள் இருக்கிறதா என்பது அடுத்தது. பகடை சரியாக விழாமல் ஓர் ஆட்டம் தோற்றால் நஷ்டம் அரை மணி நேரம். காசு கொடுத்து வாங்கும் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதையே அதிர்ஷ்டம் தீர்மானித்தால் நஷ்டம் பர்ஸுக்கு.

இங்கே வீட்டுப் பெரியவர்களுக்காக ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சீட்டு, பகடை என்றதும் ஆன்லைன் ரம்மி நினைவுக்கு வருவது இயல்புதான். தமிழ்நாடு 2022-இல் சட்டம் கொண்டுவந்ததும், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியதும் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைக் குறிவைத்துத்தான். இந்த நான்கிலும் பந்தயமாகப் பணம் வைத்து ஆடுவது கிடையாது. ஜெயித்தாலும் ஒரு பைசா வராது. கவலைப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதைக் கடைசிக் கேமில் பார்ப்போம்.

மற்றவை நடைமுறை சார்ந்தவை. போனில் எவ்வளவு இடம் வேண்டும், நெட் இல்லாத ரயில் பயணத்தில் ஓடுமா, எழுத்து கண்ணுக்குத் தெரியுமா, இறங்க வேண்டிய ஸ்டாப் வந்ததும் நடுவில் நிறுத்தலாமா என்பவை. ஆங்கிலம் எவ்வளவு படிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த நான்கில் எதிலும் தமிழ் இல்லை. கார்டு கேமில் ஒரு வரியைத் தவறாகப் புரிந்துகொண்டால் ஆட்டமே போய்விடும் என்பதால் இதைச் சின்ன விஷயமாக எண்ணாதீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்காகத் தேடுகிறவர்களுக்கு இதுதான் பெரிய தடையாக இருக்கும்.

## ஸ்லைஸ் அண்ட் டைஸ்

டான் என்ற பெயரில் இயங்கும் ஒரே ஒருவர் உருவாக்கிய கேம் இது. ஆண்ட்ராய்டில் முதலில் பேர் வாங்கி, 2024-இல் ஐபோனுக்கும் கணினியில் ஸ்டீம் கடைக்கும் வந்தது. உங்களிடம் ஐந்து வீரர்கள்: திருடன், போர்வீரன், காவல்காரன், வைத்தியர், மந்திரவாதி. ஒவ்வொருவரும் ஒரு பகடை. ஆறு முகத்திலும் அவரவர் செய்யக்கூடிய வேலை வரைந்திருக்கும்: வாள், கேடயம், இதயம், மந்திரசக்தி. மொத்தம் இருபது சண்டைகள். ஒரு சண்டை முடிந்தால் யாராவது ஒருவருக்குப் பதவி உயர்வு, அடுத்தது முடிந்தால் ஒரு பொருள் என்று மாறி மாறிப் பரிசு வரும்.

ஒரு சுற்று எப்படி நடக்கிறது என்பதைக் கவனியுங்கள், இந்தக் கேமின் சிறப்பு அங்கேதான் இருக்கிறது. எதிரிகள் முதலில் உருட்டுகிறார்கள். யார் யாரை எவ்வளவு அடிக்கப் போகிறார்கள் என்பது அப்போதே திரையில் தெரிந்துவிடும். அதன் பிறகு நம் ஐந்து பகடைகளும் விழும். பிடித்ததை நிறுத்திக்கொண்டு மற்றவற்றை இன்னும் இரண்டு தடவை உருட்டலாம். கடைசியாக விழுந்ததை எந்த வரிசையில், யார் மேல் பயன்படுத்துவது என்பது முழுக்க நம் விருப்பம். மந்திரவாதி மேல் பாயக் காத்திருக்கும் ஓநாயை அது பாய்வதற்கு முன்பே கொன்றுவிட்டால் அந்த அடியே விழாது. கேடயத்தை மந்திரவாதிக்கு வைப்பதா, அந்த ஓநாயைத் தீர்த்துவிட்டுக் கேடயத்தை வேறு ஆளுக்குக் கொடுப்பதா என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். செய்ததைத் திரும்பப் பெறும் பட்டன் ஒன்று எப்போதும் இருக்கிறது. உருட்டியதை மட்டும் திரும்பப் பெற முடியாது. தவறாகக் கை பட்டுவிட்டது என்ற புலம்பலுக்கு இதில் இடமே இல்லை. போன் கேம் செய்கிறவர்கள் எல்லோரும் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

இதைப் பற்றி அடிக்கடி வரும் புகார், பகடை நமக்கு எதிராகவே விழுகிறது என்பது. கொஞ்சம் கணக்குப் போட்டால் என்ன நடக்கிறது என்று தெரியும். ஒரு பகடையில் நமக்கு வேண்டிய முகம் ஒன்றே ஒன்றுதான் என்றால், மூன்று உருட்டலிலும் சேர்த்து அது கிடைக்கும் வாய்ப்பு 42 சதவீதம்தான். 216-க்கு 125 தடவை கிடைக்காது. மூன்று வாய்ப்பு இருப்பதால் கிட்டத்தட்ட நிச்சயம் கிடைக்கும் என்று மனம் நினைத்துக்கொள்கிறது. உண்மையில் கிடைக்காமல் போவதுதான் அதிகம். வேண்டிய முகம் இரண்டு இருந்தால் வாய்ப்பு 70 சதவீதத்துக்கு ஏறிவிடும். மூன்று இருந்தால் எட்டுக்கு ஏழு. அதனால் பதவி உயர்வு தரும்போது ஒரே முகத்தில் பிரமாண்டமான அடி வைத்திருக்கும் ஆளைவிட, மூன்று முகத்தில் சுமாரான அடி வைத்திருக்கும் ஆளே பல சமயம் கைகொடுப்பார். இதைப் புரிந்துகொண்டவர்களுக்குப் பகடை மேல் இருக்கும் கோபம் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

குறைகளும் இருக்கின்றன. படங்கள் பழைய காலப் புள்ளிப் படங்கள். அலங்காரம் எதிர்பார்க்கிறவர்களுக்குப் பார்த்ததும் பிடிக்காது. வீரர் வகைகள் நூற்றுக்கு மேல், பொருள்கள் இன்னும் அதிகம். ஒவ்வொரு முகத்திலும் ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருக்கும்: விழுந்த உடனே தானாக வேலை செய்வது ஒன்று, அடித்தால் நமக்கும் வலிப்பது ஒன்று, பின்வரிசையில் நிற்பவரையும் எட்டுவது ஒன்று. விரலை அழுத்திப் பிடித்தால் விளக்கம் வரும் என்றாலும் ஆரம்பத்தில் நிறையப் படிக்க வேண்டியிருக்கும். கதை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை.

செலவு: ஒரு பகுதி இலவசம். பிடித்தால் ஒரே தடவை பணம் கட்டி முழுதாகத் திறந்துகொள்ளலாம். விளம்பரமும் இல்லை, உள்ளே கடையும் இல்லை. நெட் வேண்டாம். போனை நிமிர்த்திப் பிடித்து ஒரு கையால் ஆடலாம், படுக்கவைத்தும் ஆடலாம். கூட்டமான பஸ்ஸில் ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று சொல்லத் தேவையில்லை.

## டைசி டஞ்சன்ஸ்

அயர்லாந்துக்காரரான டெரி காவனா, இசையமைப்பாளர் சிப்செல், ஓவியர் மார்லோ டாபி ஆகியோர் சேர்ந்து செய்தது. 2019-இல் கணினிக்கும் 2022-இல் போனுக்கும் வந்தது. அதிர்ஷ்ட தேவதை நடத்தும் டிவி போட்டியில் கலந்துகொள்ள வந்தவர்கள் எல்லோரும் நடமாடும் பகடைகளாக மாறிவிடுகிறார்கள். பாதாள அறைகளில் சண்டை போட்டு வெளியே வர வேண்டும். நான்கிலும் பார்த்த உடனே மனதைக் கவர்வது இதுதான். பளிச்சென்ற வண்ணங்களும், வேடிக்கையான எதிரிகளும், துள்ளலான இசையும் கொண்டது.

ஆட்டம் எளிமையானது. கையில் இருக்கும் கருவிகள் கார்டு மாதிரி விரிந்திருக்கும். விழுந்த பகடைகளை இழுத்து அந்தக் கார்டுகளில் போட வேண்டும். சில கார்டு ஒற்றைப்படை எண்ணைத்தான் ஏற்கும், சில கார்டு ஐந்துக்கு மேல் ஏற்காது. இதன் அழகு திருடன் பாத்திரத்தில் நன்றாகத் தெரியும். அவனுடைய குத்துவாள் மூன்று வரைதான் ஏற்கும், ஆனால் ஒரே சுற்றில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். ஆறு விழுந்தால் அது அவனுக்கு வீண். ஆனால் அவனிடம் பகடையை இரண்டாக உடைக்கும் கருவி ஒன்றும் இருக்கிறது. ஆறை உடைத்து மூன்றும் மூன்றுமாக வந்தால் இரண்டு குத்து. பெரிய எண் விழுந்தால் நல்லது என்று நாம் காலம் காலமாக நம்பி வந்ததை இந்தக் கேம் பத்தே நிமிடத்தில் மாற்றிவிடுகிறது.

பாத்திரங்கள் ஆறு பேர்: போர்வீரன், திருடன், ரோபோ, கண்டுபிடிப்பாளர், சூனியக்காரி, விதூஷகர். ஆறு பேருக்கும் ஆடும் முறையே வேறு. ரோபோவுக்குப் பகடை மொத்தமாக விழாது. பட்டனை அழுத்த அழுத்த ஒவ்வொன்றாக வரும். கூட்டுத்தொகை ஓர் எல்லையைத் தாண்டினால் அந்தச் சுற்றின் மிச்சம் அவ்வளவுதான். சரியாக எல்லையிலேயே நின்றால் பரிசு. இன்னொன்று எடுக்கலாமா, போதுமா என்று நாம் முடிவெடுத்த பிறகுதான் பகடை தீர்ப்பு சொல்கிறது. ‘இந்தக் கேம் வெறும் லக்’ என்று எழுதுகிறவர் ரோபோவோடு மல்லுக்கட்டியவராக இருக்கலாம். ‘அருமையான புதிர்’ என்று எழுதுகிறவர் திருடனோடு திரிந்தவராக இருக்கலாம். இரண்டு பேரும் ஆடியது ஒரே பெயர் கொண்ட கேம்தான்.

எதிரிகள் நம் பகடையிலும் கை வைப்பார்கள். தீப்பிடித்த பகடையைத் தொட்டால் இரண்டு உயிர்ப்புள்ளி போகும். பனியில் உறைந்தால் நம்மிடம் இருக்கும் பெரிய எண் ஒன்றாகச் சுருங்கிவிடும். இப்படி வரும்போது எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் சமாளிக்கத் தெரிந்துகொண்டால் தனி சந்தோஷம்.

இதன் மறைமுக விலை ஆயுள். எபிசோடு எபிசோடாக விதிகள் மாறுகின்றன. பேரலல் யூனிவர்ஸ் என்ற எபிசோடில் தெரிந்த கருவிகளே வேறு மாதிரி வேலை செய்யும். ஆனால் எல்லா எபிசோடும் முடிந்துவிட்டால் திரும்ப வந்து ஆடுவதற்கு மற்ற இரண்டு தனிக் கேம்கள் அளவுக்கு இதில் இழுப்பு இல்லை. எபிசோடுகளுக்கு இடையே கடினமும் சீராக ஏறுவதில்லை. திடீரென்று ஒன்று கையைக் கட்டிப் போட்டுவிடும். இருபது மணி நேரம் சந்தோஷமாக ஆடிவிட்டுப் போதும் என்று வைத்துவிடுவது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. போனில் இருக்கும் எல்லாக் கேமும் முடிவே இல்லாமல் ஓட வேண்டிய அவசியம் என்ன?

செலவு: அமெரிக்க விலை சுமார் 5 டாலர், ஒரே தடவை. ரூபாய் விலை தள்ளுபடிக்கு ஏற்ப மாறும். ஆப்பிள் ஆர்கேட் சந்தாவில் 2022 டிசம்பரில் இதன் ஒரு பதிப்பு சேர்க்கப்பட்டது. சந்தா ஏற்கெனவே கட்டுகிறவர்கள் காசு கொடுத்து வாங்குவதற்கு முன் அங்கே தேடிப் பாருங்கள்.

## ஸ்லே த ஸ்பையர்

சியாட்டிலைச் சேர்ந்த மெகா கிரிட், ஆந்தனி ஜியோவனெட்டி, கேசி யானோ என்ற இரண்டு நண்பர்கள் தொடங்கியது. 2019 ஜனவரியில் முழுமையாக வெளியான கேம், ஐபோனுக்கு 2020-இலும் ஆண்ட்ராய்டுக்கு 2021 பிப்ரவரியிலும் வந்தது. கார்டுக் கட்டைப் போகும் வழியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டே ஒரு கோபுரத்தில் ஏற வேண்டும். இன்று போனில் இருக்கும் இந்த வகைக் கேம்களில் பெரும்பாலானவற்றில் இதன் சாயல் இருக்கும்.

பகடை இல்லாவிட்டாலும் அதிர்ஷ்டம் இருக்கிறது, அது சீட்டுக் கலைப்பில் இருக்கிறது. அயர்ன்கிளாட் என்ற முதல் வீரனோடு தொடங்கினால் பத்துக் கார்டுகள்: 6 அடி அடிக்கும் வாள்வீச்சு ஐந்து, 5 அடியைத் தடுக்கும் கேடயம் நான்கு, ஒரு பலத்த இடி. ஒரு சுற்றுக்கு ஐந்து கார்டு வரும், செலவழிக்க மூன்று புள்ளி சக்தி. எதிரில் நிற்கும் புழு 11 அடி அடிக்கப் போகிறது என்று அதன் தலைக்கு மேல் முன்கூட்டியே எழுதியிருக்கும். இரண்டு கேடயம் போட்டால் 1 அடிதான் படும், ஆனால் மீதி ஒரு புள்ளிக்கு ஒரு வாள்வீச்சுதான். அல்லது இரண்டு புள்ளிக்கு இடியை இறக்கினால் 8 அடி. அதோடு எதிரி பலவீனப்பட்டு அடுத்து விழும் அடியெல்லாம் ஒன்றரை மடங்காகும், மீதி ஒரு புள்ளிக்கு வாள்வீச்சு 9 அடி. மொத்தம் 17 அடி கொடுத்துவிட்டு 11 வாங்கிக்கொள்ளலாமா? 80 உயிர்ப்புள்ளியில் 11 போனால் பரவாயில்லையா, மேலே இன்னும் எத்தனை மாடி இருக்கிறது? முதல் சண்டையின் முதல் சுற்றிலேயே இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. ஜெயித்த பிறகு கொடுக்கும் மூன்று கார்டில் எதையும் எடுக்காமல் போவதே சில சமயம் சரியான முடிவு என்று தெரிந்துகொள்ள இன்னும் பல ஆட்டங்கள் ஆகும். தோற்றால் அதிர்ஷ்டத்தைவிட நம் முடிவுகளே காரணம் என்று ஏற்க வைக்கும் கேம் இது. அனுபவசாலிகள் இதைக் கொண்டாடுவதும், புதியவர்கள் இரண்டு ஆட்டத்தில் கைவிடுவதும் ஒரே காரணத்துக்காகத்தான்.

போனில் ஆடும்போது வரும் சிரமங்கள் வேறு. கணினித் திரைக்காகச் செய்ததை அப்படியே சுருக்கி வைத்த உணர்வு, எழுத்து பொடி. பெரிய எழுத்துக்கு அமைப்பு இருந்தாலும் ஐந்து, ஆறு அங்குலத் திரையில் கார்டை இழுக்கும்போது பக்கத்துக் கார்டு மாட்டிக்கொள்வது உண்டு. திரும்பப் பெறும் பட்டன் இல்லாததால் அது வலிக்கும். டேப்லெட்டில் இந்தக் குறை கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. ஒரு முழு ஆட்டம் முடிய ஒரு மணி நேரம் போல ஆகும். நடுவில் மூடலாம், ஆனால் சண்டைக்கு நடுவில் மூடினால் அந்தச் சண்டை முதலிலிருந்து தொடங்கும். விலை சுமார் 10 டாலர். நான்கு பாத்திரங்கள், அதற்கு மேல் இருபது படிகளாகக் கடினமாகிக்கொண்டே போகும் அசென்ஷன். காசுக்குக் கிடைக்கும் ஆட்ட நேரத்தை வைத்துப் பார்த்தால் இதுதான் மலிவு.

## ஜீனியஸ் இன்வொகேஷன்

2020 செப்டம்பரில் வந்த ஜென்ஷின் இம்பாக்ட் என்ற பெரிய சாகச கேமுக்குள், 2022 டிசம்பரில் வந்த 3.3 அப்டேட்டில் சேர்த்த மேசை விளையாட்டு. மான்ட்ஸ்டாட் நகரத்து மதுக்கடை ஒன்றில் தொடங்கும். மற்ற மூன்றும் தனியாள் ஆட்டம்; இதில் மட்டும்தான் எதிரில் இன்னொரு மனிதரோடு ஆடலாம்.

இரண்டு பக்கமும் மூன்று பாத்திரங்கள், முப்பது கார்டு கொண்ட கட்டு. ஒவ்வொரு சுற்றிலும் எட்டுப் பகடை. ஒரு பகடைக்கு எட்டு முகம்: நெருப்பு, நீர் என்று ஏழு தனிமங்கள், எட்டாவது எதற்கும் பொருந்தும் முகம். பகடையே இங்கே செலவழிக்கும் காசு. ஒரு முக்கியமான தாக்குதலுக்கு ஒரே தனிமத்தில் பொதுவாக மூன்று பகடை வேண்டும். எட்டையும் உருட்டி, பொருந்தாதவற்றை ஒரு தடவை மறுபடி உருட்டினால் சராசரியாக மூன்றரை பகடை பொருந்தும். அதாவது ஒரு தாக்குதலுக்குக் கிடைத்துவிடும், இரண்டாவதுக்குச் சந்தேகம். இரண்டு தனிமங்களில் எது வந்தாலும் சரி என்கிற மாதிரிக் கட்டை அமைத்தால் அந்தச் சராசரி ஐந்தை நெருங்கும். அதோடு, வேண்டாத கார்டு ஒன்றைத் தியாகம் செய்து ஒரு பகடையின் தனிமத்தை மாற்றிக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள். அதிர்ஷ்டக் கெடுதலுக்கு ஒரு விலை வைத்து, அதைக் கட்டித் தப்பிக்கவும் விடுகிறார்கள். பகடை விதிகளை இவ்வளவு யோசித்துச் செய்த கேம் குறைவு என்றே சொல்வேன். கார்டுகளைக் காசுக்கு விற்பதும் இல்லை. எல்லாமே ஆடித்தான் சேர்க்க வேண்டும்.

பிறகு ஏன் இதை முதலில் வைக்கவில்லை? கதவு தூரத்தில் இருக்கிறது. பெரிய கேமின் கதையில் ஒரு கட்டத்தைத் தாண்டி, ஆட ஆட ஏறும் சாகசத் தரம் என்ற நிலை 32-ஐ எட்டினால்தான் இந்த மேசையில் உட்காரவே விடுவார்கள். தினம் கொஞ்ச நேரம் ஆடுகிறவருக்கு அதற்கே பல வாரங்கள் ஆகும். போனில் 20 ஜிபிக்கு மேல் இடம் வேண்டும், நெட் இல்லாமல் திறக்காது, சாதாரண போன் சூடேறிச் சார்ஜைக் குடித்துவிடும்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இடமும் இதுதான். கார்டு மேசையில் காசு கேட்பதில்லை, ஆனால் அந்த மேசை இருக்கும் வீட்டில் கேட்கிறார்கள். பெரிய கேமில் புதுப் பாத்திரங்கள் குலுக்கலில்தான் வரும். ஐந்து நட்சத்திரப் பாத்திரம் ஒரு குலுக்கலுக்கு 0.6 சதவீதம்; ஐந்து நட்சத்திரம் ஒன்று நிச்சயம் வேண்டுமென்றால் 90 குலுக்கல் வரை போக வேண்டியிருக்கும். மேசையில் உருளும் பகடையின் எட்டு முகங்களையும் நாம் பார்க்கிறோம். கடையில் உருளும் பகடைக்கு முகம் எத்தனை என்று ஒரு சிறுவனுக்கு எப்படிப் புரியும்? பிள்ளையின் போனில் இது இருந்தால் ஸ்டோரில் வாங்குவதற்குப் பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்துவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| | ஸ்லைஸ் அண்ட் டைஸ் | டைசி டஞ்சன்ஸ் | ஸ்லே த ஸ்பையர் | ஜீனியஸ் இன்வொகேஷன் |
|---|---|---|---|---|
| அதிர்ஷ்டம் | உருண்ட பிறகு முடிவு, இரண்டு மறு உருட்டல் | பாத்திரத்துக்கு ஏற்ப இரண்டு வகையும் | பகடை இல்லை, சீட்டுக் கலைப்பு | உருண்ட பிறகு முடிவு, ஒரு மறு உருட்டல் |
| பணம் | ஒரு பகுதி இலவசம், பிறகு ஒரே தடவை | ஒரே தடவை, சுமார் 5 டாலர் | ஒரே தடவை, சுமார் 10 டாலர் | இலவசம். பக்கத்திலேயே குலுக்கல் கடை |
| நெட் | வேண்டாம் | வேண்டாம் | வேண்டாம் | கட்டாயம் |
| சின்னத் திரையில் | வசதி | வசதி | எழுத்து பொடி | நல்ல போன் தேவை |
| படிக்க வேண்டியது | நிறைய | குறைவு | நடுத்தரம் | நிறைய |
| வழக்கமான புகார் | படம் சுமார், பகடை மேல் சந்தேகம் | சீக்கிரம் முடிகிறது | திரை, தொடுதல் | உள்ளே நுழையவே பல வாரம் |

## யாருக்கு எது

ஒன்றே ஒன்றைத்தான் போட முடியும், பகடையும் வேண்டும் என்றால் என் தேர்வு ஸ்லைஸ் அண்ட் டைஸ். காசு கட்டுவதற்கு முன்பே ஆடிப் பார்க்க முடிவதும், தோற்றாலும் ஏன் தோற்றோம் என்று தெரிவதும் இரண்டு பெரிய காரணங்கள். அலுவலகத்துக்குப் போய்வரும் நேரத்தில் ஆடுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கேமை என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் படம் அழகாக இல்லையென்றால் மனம் ஒட்டாது என்கிறவர்கள் தங்களைக் கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டாம்.

கார்டு கேமே புதிது என்பவருக்கும், பிள்ளையோடு பக்கத்தில் உட்கார்ந்து ஆட விரும்புகிறவருக்கும் டைசி டஞ்சன்ஸ். கார்டில் இருக்கும் எழுத்து குறைவு. இரண்டு கருவியை விளக்கிச் சொன்னால் பிள்ளை மீதியைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். போர்வீரனில் தொடங்கி, திருடனுக்குப் போங்கள். ரோபோ எரிச்சலாக இருந்தால் அதை வைத்துக் கேமையே எடை போட்டுவிடாமல் அடுத்தவரைத் திறந்து பாருங்கள்.

டேப்லெட் வைத்திருப்பவர், செஸ் மாதிரி நீண்ட நேரம் உட்கார்ந்து யோசிப்பது பிடித்தவர், பகடையைக் கண்டாலே ஆகாதவர்: மூன்று பேருக்கும் ஸ்லே த ஸ்பையர். சின்னப் போன் மட்டும் இருந்தால் வாங்கிய கையோடு எழுத்தளவைப் பெரிதாக்கி ஒரு முழு ஆட்டம் ஆடிப் பாருங்கள். கண் வலித்தால் தயங்காமல் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்; கூகுள் பிளேயில் வாங்கிய 48 மணி நேரத்துக்குள் அதற்கு விண்ணப்பிக்கலாம்.

ஜென்ஷின் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்து, 32-ஐத் தாண்டியும் அந்த மதுக்கடைப் பக்கம் போகாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் இன்றே போகலாம். ஒரு பைசா செலவில்லாமல் அருமையான பகடை ஆட்டம் அங்கே காத்திருக்கிறது. கார்டு ஆட்டத்துக்காக மட்டும் அவ்வளவு பெரிய கேமை டவுன்லோடு செய்ய நினைக்கிறவர்கள் அந்த இடத்தில் மற்ற மூன்றையும் போட்டுக்கொள்ளலாம். மூன்றும் சேர்ந்தாலும் அதில் ஒரு பகுதியைத்தான் பிடிக்கும்.